பக்கவிளைவைச் சொல்லும் மொழி: பள்ளிகொண்டா வட்டாரப் பின்புலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அனுபவம்

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவுகளுள் பெரும்பாலானவை நோயாளி வீடு திரும்பிய பின்னரே தோன்றுகின்றன. எனவே அவை மருத்துவரை எட்டுவது நோயாளியின் சொல் வழியாகவே ஆகும். அச்சொல் மருத்துவக் கலைச்சொல்லாக அமைவதில்லை. சூடு, மரத்தல், அசதி, பிரட்டல் என வட்டார வழக்காகவே அமைகிறது. வேலூர் – ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் உள்ள பள்ளிகொண்டாவைப் பின்புலமாகக் கொண்டு, இவ்வழக்குச் சொற்கள் எவ்வுடல் நிலைகளைச் சுட்டுகின்றன, அவை தவறாகப் பொருள்கொள்ளப்படும்போது நேரும் இழப்பு யாது, நோயாளியின் அனுபவத்தை அளக்கும் கருவிகள் இவ்வட்டாரத்து வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நோயாளியின் சொல்லைச் சரியாகக் கேட்டறிதல் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், பக்கவிளைவு, வட்டார வழக்கு, உடற்சூடு, நரம்பு மரத்தல், தோல் தொழில், பள்ளிகொண்டா

முன்னுரை

'பக்கவிளைவு' என்னும் சொல் மருத்துவரின் நிலையிலிருந்து ஆக்கப்பட்டது. கட்டியைச் சுருக்குவது மருந்தின் நோக்கம். அந்நோக்கத்திற்கு அப்பால் நிகழ்வன யாவும் பக்கத்தில் நிற்பன. நோயாளியின் நிலை வேறு. கட்டி சுருங்குவதை அவர் உணர்வதில்லை. அதனை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காட்டுகின்றன. அவர் உணர்வது குமட்டலையும் வாய்ப்புண்ணையும் அசதியையும் விரல் மரத்தலையுமே. சிகிச்சை என்று அவர் அறிவது பெரும்பாலும் பக்கவிளைவைத்தான்.

தமிழ் ஆய்வுலகில் நோய் பற்றிய பேச்சு, சித்த மருத்துவச் சுவடிகள், நாட்டார் மருத்துவம், இலக்கியத்தில் பிணி என்னும் தளங்களில் நிகழ்ந்து வந்துள்ளது. நவீன மருத்துவமனையின் வாயிலில் நின்று தன் உடலைப் பற்றித் தமிழில் பேசும் நோயாளியின் மொழி அத்தளங்களைப் போல ஆழ்ந்த கவனத்திற்குரியது. அம்மொழியின் பொருள் வரம்பு தெளிவாகாவிடில், உரிய நேரத்தில் தர வேண்டிய மருந்து தவறிப்போகும். இதுவே இப்பொருளை ஆராய வேண்டியதன் தேவை.

களமும் பின்புலமும்

பாலாற்றங்கரையில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த பேரூர் பள்ளிகொண்டா. பள்ளிகொண்ட கோலத்தில் உள்ள உத்தர ரங்கநாதரின் கோயிலால் பெயர் பெற்றது. இதன் மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும், கிழக்கே மேல்விசாரமும் இராணிப்பேட்டையும் தோல் தொழில் நகரங்கள். பதனிடும் தொழிலில் ஆண்களும், ஷூ தயாரிக்கும் தொழிற்சாலைகளில் பெண்களும் மிகுதியாக உழைக்கின்றனர். தொழிற்சாலைக்குச் செல்லாமல் வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேற்பகுதியை ஊசி நூலால் தைத்துக் கொடுத்து, உருப்படிக் கணக்கில் கூலி பெறும் பெண்களும் இவ்வட்டாரத்தில் உள்ளனர். குடியாத்தம் பகுதியில் பீடி சுற்றும் தொழிலும் உண்டு. தமிழுடன் உருதும் தெலுங்கும் வீடுகளில் பேசப்படுகின்றன.

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு குறித்து ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தையும் தோல் தூசியையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்னும் முதற்பிரிவில் வைத்துள்ளது. தோல் பதனிடும் தொழிலை ஒட்டுமொத்தமாக அப்பிரிவில் அது சேர்க்கவில்லை. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. நோயின் காரணம் தனி ஆய்வுக்குரியது. இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொரு செய்தி: சுண்ணாம்பிலும் குரோம் உப்பிலும் புழங்கிய கைகளில் தோல் வெடிப்பும் அரிப்பும் முன்பே இருக்கக்கூடும். ஊசி பிடித்த விரல்களில் வலியும் காய்ப்பும் முன்பே இருக்கக்கூடும். சிகிச்சையால் வரும் மாற்றம் இவற்றின்மேல் வந்து படிகிறது. எது பழையது, எது புதியது என்பதை நோயாளி ஒருவரே கூற இயலும்.

சிகிச்சைக்குச் செல்லும் இடமாக இவ்வட்டாரத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலூர். ஐடா ஸ்கட்டர் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவப் பணி, 1902-இல் மருத்துவமனையாகவும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்து, இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையமும் தொலைவில் உள்ள புகலிடங்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வேலூருக்கு வருவோர் மருத்துவமனையருகே அறை எடுத்து மாதக்கணக்கில் தங்குகின்றனர். பள்ளிகொண்டாவினரோ காலையில் பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பிவிடுகின்றனர். அண்மை ஒரு வசதி. ஆயின் அதனாலேயே பக்கவிளைவு முழுவதும் வீட்டிற்குள் நிகழ்வதாகிறது.

சிகிச்சையின் நாட்காட்டி

பக்கவிளைவு எப்போது தோன்றுகிறது என்பதை அறிந்தாலே, மருத்துவர் எதனைக் காண்கிறார், எதனைக் காண்பதில்லை என்பது விளங்கும். வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது பழைய வகைக் கீமோ மருந்துகளின் செயல்முறை. புற்றணுக்களுடன் எலும்பு மச்சை, வாய் மற்றும் குடலின் உட்படலம், முடியின் வேர் ஆகியனவும் வேகமாகப் பெருகுவன, அவையும் தாக்கப்படுகின்றன. இத்தாக்குதலின் விளைவு ஒவ்வோர் உறுப்பிலும் ஒவ்வொரு கால அளவில் வெளிப்படுகிறது.

மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்றும் முறையை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளில் உடனடிக் குமட்டல். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை தாமதக் குமட்டல். முதல் வாரத்தில் வாய்க்கசப்பும் அசதியும். ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகத் தாழ்ந்த நிலையை அடைகின்றன. தொற்று அபாயம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்குகிறது. மூன்றாம் வார இறுதியில் இரத்த அணுக்கள் மீள்கின்றன, உணவு சிறிது இறங்குகிறது, முகம் தெளிகிறது. அடுத்த சுற்று மருந்துக்காக நோயாளி மருத்துவரின் முன் அமர்வது அந்நாளில்தான்.

அதாவது, மருத்துவர் காண்பது மூன்றாம் வாரத்து நோயாளியை. முதலிரு வாரத்து நோயாளியை வீட்டார் மட்டுமே காண்கின்றனர். "எப்படி இருக்கிறீர்கள்?" என்னும் வினாவிற்கு "பரவாயில்லை, டாக்டர்" என்னும் விடை, அந்நாளைப் பொறுத்தவரை உண்மையே. பத்து நாட்களுக்கு முன்பிருந்த நிலை அவ்விடையில் இல்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் நாட்காட்டி வேறு. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரம் நாள்தோறும் செல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் உட்படலம் சிவந்து புண்ணாகிறது; எச்சில் குறைகிறது; தோல் கறுத்துக் காந்துகிறது. சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் புண் நீடிக்கும். வாய் உலர்வு பல மாதங்களோ ஆண்டுகளோ தொடரக்கூடும். சிகிச்சை முடிந்தும் துன்பம் குறையாமை கண்டு, நோய் திரும்பிவிட்டதோ என நோயாளி அஞ்சுவது இதனால்தான்.

அளவுகோல்களும் நோயாளியின் வரிசையும்

பக்கவிளைவை அளக்க மருத்துவ உலகம் இருவகைக் கருவிகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று, மருத்துவர் குறிப்பது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வகுத்த தரநிலை, ஒவ்வொரு பக்கவிளைவையும் ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்துகிறது. மற்றொன்று, நோயாளி நிரப்புவது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993-இல் வெளியிட்ட வினாநிரல் 30 வினாக்களைக் கொண்டது. பெரும்பாலான வினாக்கள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியன.

இவ்விரு பார்வைகளும் ஒன்றல்ல என்பதை 1983-இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் கோட்ஸும் உடனாய்வாளரும் காட்டினர். கீமோ பெறும் நோயாளிகளிடம் துன்பங்கள் எழுதிய அட்டைகளைத் தந்து வரிசைப்படுத்தச் செய்தபோது, வாந்தி, குமட்டல், முடி உதிர்தல் ஆகியவற்றை அடுத்து, சிகிச்சைக்கு வரவேண்டுமே என்னும் நினைப்பும், சிகிச்சை இடத்தில் கழியும் நேரமும் இடம்பெற்றன. ஒண்டான்செட்ரான் முதலிய வாந்தி தடுக்கும் மருந்துகள் 1990-களில் பரவிய பின் இதே முறையில் மீண்டும் ஆராய்ந்தபோது, வாந்தி பின்னுக்குச் சென்றது. குமட்டலும் ஓயாத சோர்வும் முடி உதிர்தலும் முன்னின்றன. மருந்து ஒரு துன்பத்தை நீக்கியதும், அதன் பின்னால் மறைந்திருந்த துன்பம் முன்வந்து நின்றது.

நோயாளியின் சொல்லைக் கேட்பது ஆறுதலுக்காக மட்டுமே என்னும் எண்ணத்தை நியூயார்க்கில் ஈதன் பாஷ் குழுவினர் நடத்திய ஆய்வு மாற்றியது. முற்றிய புற்றுடன் புறநோயாளிகளாகக் கீமோ பெற்ற 766 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் அறிகுறிகளை இணையவழித் தாமே பதிவு செய்தனர். கடுமையான அறிகுறி பதிவானால் செவிலியருக்கு எச்சரிக்கை சென்றது. மறு பிரிவினர்க்கு வழக்கமான கவனிப்பே கிடைத்தது. 2017-இல் வெளியான முடிவின்படி, பதிவு செய்த பிரிவில் வாழ்நாளின் இடைநிலை அளவு 31.2 மாதம்; மறு பிரிவில் 26.0 மாதம். புதிய மருந்து ஏதும் இன்றி, சொல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைந்ததனால் நேர்ந்த வேறுபாடு இது.

மருத்துவர் நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் தரும் நெறி (குறள் 949). நோயுற்றவனின் அளவு அங்கு முதலில் நிற்கிறது. அவ்வளவை அறியும் வழிகளுள் அவன் சொல்லும் ஒன்று. பள்ளிகொண்டாவில் அச்சொல் எவ்வாறு அமைகிறது என்பதை இனிக் காணலாம்.

'சூடு' என்னும் சொல்

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'சூடு' என்பது வெப்பநிலையை மட்டும் சுட்டுவதன்று. வாய்ப்புண், கண்ணெரிச்சல், நீர்க்கடுப்பு, வயிற்றுப்போக்கு ஆகிய அனைத்தும் 'உடம்புச் சூடு' என்னும் ஒரே வகையுள் அடங்கும். சிறுநீர் எரிச்சலைச் 'சூடு பிடித்துக்கொண்டது' என்பர். கீமோ மருந்து 'சூடான மருந்து' என்றும், கதிர்வீச்சு 'கரண்ட் வைப்பது' என்றும் வழங்கப்படுவதால், இவற்றின் பின் வரும் எரிச்சல் யாவும் எதிர்பார்த்த சூடாகவே கொள்ளப்படுகிறது. அதற்குரிய மாற்று, குளிர்ச்சி: இளநீர், மோர், வெந்தயம், சீரகத் தண்ணீர்.

இவ்வகைப்பாடு தன்னளவில் ஒழுங்கானது. நலமான காலத்தில் தீங்கற்றதும் கூட. வெள்ளை அணுக்கள் தாழ்ந்த வாரத்தில் இதே வகைப்பாடு ஆபத்தாகிறது. அப்போது தொற்று நுழையும் வாயில்கள் வாய், குடல், சிறுநீர்ப்பாதை ஆகியன. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் நீர்க்கடுப்பும் அத்தொற்றின் அடையாளங்களாக இருக்கக்கூடும். வழக்கு மொழி 'சூடு' எனத் தொகுத்தவையும், மருத்துவம் அவசரம் எனத் தொகுத்தவையும் பெரிதும் ஒன்றே. மேலும், சீழ் என்பது வெள்ளை அணுக்களால் ஆவது. அவ்வணுக்கள் இல்லாதபோது கடும் தொற்றிலும் சீழ் பிடிப்பதில்லை, வீக்கமும் மிகுவதில்லை. உடல் சுடுவது ஒன்றே எச்சரிக்கையாக எஞ்சலாம்.

'காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்' என மருத்துவமனை அறிவுறுத்துகிறது. நோயாளிக்கு வந்ததோ சூடு. அவர் கருத்தில் அது காய்ச்சலன்று. தொட்டுப் பார்த்தால் சுடாமல் உள்ளே காய்வதை 'உள்காய்ச்சல்' என்பதும் உண்டு. டெங்குக் காலங்களில் அரசே வழங்கிய நிலவேம்புக் குடிநீரும், வீட்டில் எப்போதும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் அப்போது கைக்கு வருகின்றன. மாத்திரை வெப்பநிலையைத் தாழ்த்தி, அபாயத்தை மறைத்துவிடுகிறது. வெள்ளை அணு குறைந்த நிலையில் வரும் காய்ச்சலுக்கு, மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. ஓர் இரவு தாமதம் உயிரிழப்பில் முடியலாம்.

ஆகவே அறிவுரை நோயாளியின் சொல்லிலேயே அமைய வேண்டும்: 'சூடு என்று தோன்றினாலும், குளிர் நடுக்கம் வந்தாலும், மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 100.4 டிகிரி பாரன்ஹீட் இருந்தால், இரவானாலும் புறப்பட்டு வாருங்கள்.' சூட்டின் வகைப்பாட்டை இது மறுக்கவில்லை. அதனுள் ஓர் எண்ணை வைக்கிறது, அவ்வளவே.

'குளிர்ச்சி' என்பதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பெருங்குடற் புற்றுக்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்துக்குப் பின், குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரலிலும், குளிர்நீர் பருகினால் தொண்டையிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு எழும். சூட்டைத் தணிக்க உறவினர் அன்புடன் தரும் குளிர்ந்த மோர் அவருக்குத் துன்பமாகிறது. தமிழ் வழக்கில் குளிர்ச்சி என்பது பொருளின் தன்மை. மருத்துவர் தவிர்க்கச் சொல்வது அதன் வெப்பநிலை. அறை வெப்பத்தில் மோர் தடையன்று என்பதைக் கூறினால் இருவர் சொல்லும் இணங்கிவிடும்.

மரத்துப்போன விரலும் கைத்தொழிலும்

பேக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் முதலிய மருந்துகள் கை கால் நுனி நரம்புகளைத் தாக்குகின்றன. இதற்குத் தமிழில் சொல்வளம் மிகுதி. 'மரத்துப்போகிறது' என்பது உணர்விழப்பு. 'மதமதவென்று இருக்கிறது' என்பது குறையுணர்வு. 'எறும்பு ஊர்கிறது', 'ஊசி குத்துகிறது' என்பன பிறழ்வுணர்வு. 'காந்துகிறது' என்பது நரம்பு வலி. 'பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறது', 'செருப்பு கழன்றதே தெரியவில்லை' என்பன பாதத்தின் நிலையுணர்வும் தொடுவுணர்வும் குன்றியமை. நரம்பியல் வல்லுநர் தனித்தனியே சோதித்தறிய வேண்டிய வேறுபாடுகளை நோயாளியின் பேச்சே பிரித்துத் தருகிறது. இவை அனைத்தும் நோய்க்குறிப்பில் 'மரத்தல்' என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்போது அவ்வேறுபாடு அழிகிறது.

இங்கு அளவுகோலின் குறை வெளிப்படுகிறது. முற்கூறிய அமெரிக்கத் தரநிலையில், சமைத்தல், கடைக்குச் செல்லுதல், தொலைபேசியைக் கையாளுதல், பணத்தை நிருவகித்தல் ஆகியன தடைப்பட்டால் இரண்டாம் தரம். குளித்தல், உடுத்தல், உண்ணுதல் தடைப்பட்டால் மூன்றாம் தரம். கூலி வேலை இவ்வரிசையில் தனியே எண்ணப்படவில்லை. ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் சமைக்கிறார், கடைக்குச் செல்கிறார், புடவை உடுத்துகிறார். ஊசியை மட்டும் விரல் உணரவில்லை. தரநிலையின்படி அவருக்கு முதல் தரப் பாதிப்பு. அவர் கணக்கின்படி முழு வருமான இழப்பு. தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குபவருக்கும், தையல் எந்திரத்தில் அமர்பவருக்கும், பீடி சுற்றுபவருக்கும் இது பொருந்தும்.

இதன் முக்கியத்துவம் சிகிச்சை முறையில் உள்ளது. இந்நரம்புப் பாதிப்பை உறுதியாகத் தடுக்கும் மருந்து இன்று இல்லை. மருந்தின் அளவைக் குறைத்தல், இடைவெளி தருதல், மாற்று மருந்துக்குச் செல்லுதல் என்பனவே வழிகள். பிளாட்டின வகை மருந்துகளில், நிறுத்திய பின்னும் சில மாதங்கள் பாதிப்பு வளர்வதுண்டு. எனவே தொடக்கத்திலேயே சொல்லப்பட்டால்தான் பயன். 'வேலை என்ன? எந்தக் கையால் செய்கிறீர்கள்? அது முடிகிறதா?' என்னும் மூன்று வினாக்கள் அளவுகோல் விட்டதை நிரப்பும்.

வேலூர்க்கு இப்பாடம் புதிதன்று. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு, உணர்விழந்த கை வலியின் எச்சரிக்கையின்றி அன்றாட வேலையில் காயப்படுவதே பெருங்காரணம் எனக் கண்டார். அவர்தம் கைகளைச் சீராக்கிய அறுவைச் சிகிச்சை, அவர்கள் மீண்டும் தொழில் செய்வதைக் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. கையின் நலத்தை அக்கை செய்யும் வேலையால் அளக்கும் மரபு இம்மண்ணிலேயே உள்ளது.

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் பதிவு பெற்றோர், உரிய பணிக்கால நிபந்தனைகளை நிறைவு செய்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 விழுக்காடு பெற இயலும். வீட்டிலிருந்து தைப்போர்க்கு இப்பதிவு அரிது. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. இழந்த கூலியை அது ஈடு செய்வதில்லை. மரத்த விரலை மறைத்து, 'ஒன்றுமில்லை' எனக் கூறி மருந்தைத் தொடர்வோரும் உளர். வேலை போய்விடும் என்று மருந்தைப் பாதியில் நிறுத்துவோரும் உளர். இருவரும் மருத்துவரிடம் பேசாமலேயே முடிவெடுக்கின்றனர்.

வாய், உணவு, அசதி

குமட்டலைச் சுட்டும் சொற்களும் நுட்பமானவை. 'குமட்டல்' வாந்தி வருவது போன்ற உணர்வு. 'ஓங்கரிப்பு' எதுவும் வெளிவராமல் வயிறு எக்குவது. 'எதுக்களிப்பு' உண்டது மேலேறுவது. 'பிரட்டல்' வயிற்றின் கலக்கம். எதுக்களிப்புக்குத் தர வேண்டிய மருந்தும் குமட்டலுக்குத் தர வேண்டிய மருந்தும் வேறு. இவை யாவற்றையும் 'பித்தம்' என ஒன்றாக்குவது வீட்டு வழக்கு. 'வாந்தி' என ஒன்றாக்குவது நோய்க்குறிப்பு. இரண்டிலும் இழப்பு ஒன்றே. முன்சுற்றின் நினைவால், மருத்துவமனை வாயிலைக் கண்டதுமே எழும் குமட்டலும் மருத்துவம் அறிந்த ஒரு வகை. 'பயத்தில் வருவது' என அதனை ஒதுக்குவதற்கில்லை. அதற்கும் சிகிச்சை உண்டு.

தமிழ் நோயாளி மருந்து பெற்றதும் கேட்கும் முதல் வினா, 'பத்தியம் என்ன?' என்பது. 'எல்லாம் சாப்பிடலாம்' என்னும் விடை அவருக்கு அறிவுரையாகவே தோன்றுவதில்லை. பத்தியத்தை அண்டை வீட்டார் வகுத்துத் தருகின்றனர். முட்டையும் மீனும் பருப்பும் விலக்கப்பட்டு, புரதம் மிகுதியாகத் தேவைப்படும் காலத்தில் கஞ்சியே உணவாகிறது. 'இரத்தம் குறைந்துவிட்டது' என மருத்துவமனை சொன்னது வெள்ளை அணுவையாக இருக்க, வீட்டார் மாதுளையும் ஆட்டுச் சுவரொட்டியும் தேடுவதுண்டு. சுவரொட்டி நன்கு வெந்திருந்தால் தீங்கில்லை. ஆயின் அதனால் வெள்ளை அணு ஏறுவதில்லை. பத்தியம் என்னும் கருத்தையே ஏற்று, 'இதற்குப் பத்தியம்: வேகாததும் திறந்து வைத்ததும் விலக்கு, முட்டை, பருப்பு, மீன் நாள்தோறும் வேண்டும், காரமும் புளியும் வாய்ப்புண் ஆறும் வரை வேண்டாம்' எனக் கூறுவதே பயன் தரும். ஆம்பூர் வட்டாரத்தில் விருந்தென்றால் பிரியாணி. அதன் மணமே தாங்காமல் திருமண வீட்டிலிருந்து எழுந்து வருபவர் இழப்பது உணவை மட்டுமன்று. உறவினர் நடுவே இருக்கும் இடத்தையும்தான்.

சோர்வைப் பொறுத்தவரை, முற்கூறிய 30 வினாக்களுள் மூன்று இதற்கே உரியன: ஓய்வு தேவைப்பட்டதா, பலவீனமாக இருந்ததா, களைப்பாக இருந்ததா என்பன. தமிழில் களைப்பு உழைப்பின் பின் வருவது. அசதி உறங்கினால் தீர்வது. சோர்வு மனத்தையும் உள்ளடக்குவது. தளர்ச்சி முதுமையைச் சார்ந்தது. உறங்கியும் தீராததே புற்றுநோய்ச் சோர்வின் இயல்பு. 'கை கால் ஓய்ந்துபோகிறது', 'ஆளே தொய்ந்துவிட்டேன்' என்னும் தொடர்கள் அதனை நெருங்குகின்றன. உருது பேசும் வீடுகளில் இது 'கம்ஜோரி' ஆகிறது. தமிழ் வினாநிரலை மட்டும் கொண்டு இவ்வட்டாரத்து நோயாளர் அனைவரையும் அளக்க இயலாது.

முடியும் இளிவரலும்

தொல்காப்பியம் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறுகிறது. பிணி உடலை வருத்துவதுடன் பிறர் முன் தாழ்வையும் தருகிறது என்பதை இவ்வகைப்பாடு உணர்த்துகிறது. முடி உதிர்தல் மருத்துவத் தரநிலையில் இரண்டாம் தரத்திற்கு மேல் ஏறுவதில்லை, உயிருக்கு அபாயமற்றது, சிகிச்சைக்குப் பின் முடி மீண்டும் வளர்வதே பெரும்பான்மை. ஆயினும் நோயாளிகள் தந்த வரிசையில் அது மூன்றாம் இடம் பெற்றதன் காரணம் இளிவரலில் உள்ளது.

தமிழ்ச் சூழலில் மொட்டை நேர்த்திக்கடனுக்கு உரியது. கைம்பெண்ணுக்கு முன்னாளில் விதிக்கப்பட்டதும் கூட. முதற்பொருள் சிலர்க்கு மறைவிடமாகிறது: திருப்பதிக்கு முடி கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள இயல்கிறது. இரண்டாம் பொருள் பெண்களை வருத்துகிறது. முக்காடிடும் வழக்கமுள்ள முஸ்லிம் பெண்களுக்கு வெளியில் மறைப்பு எளிது. வீட்டினுள் துன்பம் ஒன்றே. புருவமும் உதிரும்போது மறைத்தல் யார்க்கும் அரிது. நோயையே அறிவிக்காமல் 'கட்டி' என்றும் 'அந்த வியாதி' என்றும் வீட்டார் மறைத்து வைத்திருந்தால், உதிரும் முடியே நோயாளிக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. நோயின் பெயர் சொல்லப்படாத இடத்தில் பக்கவிளைவையும் விளக்க இயலாது என்பது இதன் கடுமையான விளைவு.

'கரண்ட்' என்னும் வழக்கும் இத்தகையது. மின்னதிர்ச்சியின் அச்சத்தை அது எழுப்புகிறது. கதிர் உடலில் தங்கிக் குழந்தைகளைத் தாக்கும் என்னும் ஐயத்தையும் வளர்க்கிறது. வெளியிலிருந்து எந்திரத்தால் செலுத்தப்படும் கதிர்வீச்சு உடலில் தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாம் என்னும் ஒரு தொடரைச் சொல்லாமல் விட்டால், ஏழு வாரம் ஒருவர் தம் வீட்டிலேயே விலகி வாழ நேரும்.

செய்யத்தக்கன

இவற்றிலிருந்து பெறப்படும் பணிகள் மூன்று. முதலாவது, வட்டாரச் சொல்லடைவு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்திற்கு ஆக்கிய வழக்குச் சொல்லகராதியின் வழியில், நோயனுபவச் சொற்களைப் பாலாற்று வட்டாரம் முழுவதும் களப்பணி வழித் தொகுத்து, ஒவ்வொன்றும் சுட்டும் உடல்நிலையை மருத்துவருடன் இணைந்து வரையறுக்கலாம். தமிழ்த்துறைகளும் செவிலியர் கல்லூரிகளும் இணைந்தால் இது இயலும். நோயாளியின் பெயரும் அடையாளமும் காக்கப்படுதல் இதன் முதல் நிபந்தனை.

இரண்டாவது, நாட்குறிப்பு. சிகிச்சை நாள் முதல் 21 நாட்களுக்கும் கட்டமிட்ட ஒரு தாளில் சூடு, உணவு, வாய், விரல், உறக்கம் ஆகிய ஐந்தையும் நோயாளியோ வீட்டாரோ குறித்து வந்தால், மருத்துவர் மூன்றாம் வாரத்து நோயாளியுடன் முதலிரு வாரத்து நோயாளியையும் காண்பார். எழுத்தறியாதார்க்குப் படக்குறிகள் போதும்.

மூன்றாவது, இடையில் சென்று கேட்பவர். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அப்பணியாளர் பத்தாம் நாளில் ஒருமுறை சென்று, மேற்கூறிய ஐந்தையும் வட்டார வழக்கிலேயே கேட்டு, அபாயம் இருப்பின் மருத்துவமனைக்குத் தெரிவித்தால், நியூயார்க்கில் இணையம் செய்த பணியைப் பள்ளிகொண்டாவில் ஒரு மனிதர் செய்ய இயலும்.

முடிவுரை

சிகிச்சை மருத்துவமனையில் தரப்படினும் அதன் பக்கவிளைவு வீட்டில் நிகழ்கிறது. இடையில் உள்ள தொலைவைக் கடப்பது நோயாளியின் சொல்லே. 'சூடு' என்பது காய்ச்சலாகப் பொருள்கொள்ளப்படாதபோது உயிர் இழக்கப்படலாம். 'மதமதப்பு' கேட்கப்படாதபோது தொழில் இழக்கப்படலாம். பன்னாட்டு அளவுகோல்கள் ஒப்பீட்டிற்கு இன்றியமையாதன. எனினும் ஊசி பிடிக்கும் விரலின் மதிப்பை அவை அறியா. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்காகப் பகுத்தது குறள் (950). இந்நால்வகையையும் இணைப்பது மொழி. அம்மொழியைத் தொகுத்தும் விளக்கியும் தருவது தமிழாய்வு ஏற்க வேண்டிய பணியாகும்.